எடுத்தால் திருப்பி வை!



பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் பதிவு எண்ணைப் போட்டால் சில வெப்சைட் சுத்திக்கிட்டே நிற்கும். ஏன்? நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நாம் பார்ப்பது வெறும் பக்கம்தான். மார்க் எல்லாம் தரவுத்தளத்தில் இருக்கிறது. பக்கம் அதோடு ஓர் இணைப்பு போட்டுத்தான் மார்க்கை வாங்கணும். ஒவ்வொரு இணைப்புக்கும் பாஸ்வேர்டு சரிபார்க்கணும், மெமரி ஒதுக்கணும். அதனால் இணைப்புக்கு அளவு உண்டு. நாம் மாற்றாவிட்டால் மைஎஸ்கியூஎல் 151 இணைப்பு தரும், போஸ்ட்கிரெஸ் 100 தரும்.

அப்போ ஆயிரக்கணக்கானவர் எப்படிப் பார்க்கிறார்கள்? தண்ணீர்த் தொட்டியில் பத்து டம்ளர் இருக்கு, முந்நூறு பிள்ளைகள் இருக்கோம். குடிச்சதும் வைத்துவிட்டால் எல்லாருக்கும் கிடைக்கும். பத்து டம்ளரையும் வகுப்புக்குக் கொண்டு போயிட்டா, தொட்டி நிறைய தண்ணி இருந்தும் தாகம்தான்! கம்ப்யூட்டரிலும் சில இணைப்புகளைத் திறந்தே வைத்து, மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். இதற்கு ‘இணைப்புக் குளம்’ என்று பெயர்.

கூட்டம் கூடக் கூட பழைய புரோகிராமை மாற்றி எழுதியே ஆகணும். ரயில் டிக்கெட்டுக்கான ஐ.ஆர்.சி.டி.சி. வெப்சைட் 2002-ல் வந்தது. நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட் போதவில்லை. 2014-ல் 7,200 டிக்கெட் தரும்படி புது அமைப்பு கொண்டு வந்தார்கள்.

மாற்றி எழுதும்போதுதான் கவனம் வேணும். நம்ம ஊர் தறியில் புதுப் பாவைப் பழைய பாவோடு இழை இழையாகப் பிணைப்பாங்க. ஓர் இழை விட்டாலும் சேலையில் கோடு விழும். அது மாதிரி, நீளமான புரோகிராமை இரண்டாகப் பிரிக்கும்போது ‘இணைப்பை எடு’ ஒரு பக்கமும் ‘திருப்பிக் கொடு’ வேறு பக்கமும் போய்விடும். நடுவில் பிழை வந்தால் திருப்பிக் கொடுக்கும் வரிக்கே போகாது. டம்ளர் போன மாதிரி அந்த இணைப்பும் போச்சு!

இது உடனே தெரியாது. நாலு பேர் சோதித்தால் நல்லாத்தான் ஓடும். கூட்டம் வரும் நாளில்தான் நின்றுபோகும்.

இதற்கு வழி என்ன? எடுப்பதையும் திருப்பிக் கொடுப்பதையும் ஒரே இடத்தில் எழுதணும். வேலை முடிந்தாலும் பிழை வந்தாலும் இணைப்பு தானாகத் திரும்பும் வசதி ஜாவா மொழியில் 2011-ல் வந்தது. பைத்தான் மொழியிலும் உண்டு. மாற்றி எழுதியதை நிறைய பேர் ஒரே நேரத்தில் வருவது போல வைத்துச் சோதிக்கணும்.

நாளைக்கு நம்மில் யாராவது புரோகிராம் எழுதலாம். அப்போது வரிசையில் கடைசியாக நிற்பவரையும் நினைத்துக்கொள்வோம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி