பழையகோட்டை மந்தையும் பஞ்சாயத்தின் பொறுப்பும்

கால்நடை விருத்தி என்றவுடன், அது சர்க்கார் பண்ணைகளில் நடைபெறவேண்டிய காரியம் என்றே பலர் எண்ணுகின்றனர். ஆயினும், தமிழ்நாட்டின் புகழ்பெற்ற காங்கேயம் மாட்டினம் சீர்பெற்றதில் ஒரு குடும்பத்தின் மந்தைக்குப் பெரும்பங்கு உண்டு. திருப்பூர் மாவட்டம், காங்கேயம் வட்டாரத்திலுள்ள பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் இவ்வினத்தை வளர்த்த பெருமைக்குரியவர்.

மேல்நாட்டு மந்தைகள் பல இறைச்சிக்கென வளர்க்கப்படுபவை. கொங்கு நாட்டுக் குடியானவருக்கு வேண்டியிருந்ததோ உழவுக்கும், ஆழ்கிணற்றுக் கவலைக்கும், வண்டிக்கும் ஏற்ற உழைப்பு மாடு. நோக்கம் வேறாயினும், தேர்ந்தெடுத்து இனம் பெருக்கும் நெறி ஒன்றே.

பொலிகாளையே அடிப்படை

ஒரு பசு ஆண்டுக்கு ஒரு கன்று ஈனுவதே அரிது. ஒரு பொலிகாளையோ அதே காலத்தில் பல கன்றுகளுக்குத் தந்தையாகிறது. ஆதலால் காளையைத் தேர்வதில் செய்யும் பிழை மந்தை முழுவதும் பரவும். திண்ணிய உடல், உறுதியான கால்கள், கடினமான குளம்பு, சாந்தமான குணம் ஆகியவற்றுடன், தாய்ப்பசுவின் தகுதியையும் பார்த்தல் வேண்டும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாயிருந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறம் கொள்ளும். இதைக் கண்டு மயங்கவேண்டாம். தேர்வில் தேறாத காளைக்கன்றுகளை உரிய பருவத்தில் காயடித்து உழவுக்குப் பழக்கலாம். ஒரு காளையின் பெண்கன்றுகள் சினைக்கு வருமுன் அக்காளையை மாற்றிவிட்டால், நெருங்கிய உறவில் இனம் சேர்வது தவிர்க்கப்படும்.

கொரங்காடு

மழை குறைந்த அவ்வட்டாரத்தில் மந்தையைத் தாங்கி நிற்பது கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி; உள்ளே கொழுக்கட்டைப் புல்; இடையிடையே வெள்வேல மரங்கள். வேலி இருப்பதால் மேய்ப்பவரின்றியே மாடுகள் மேயும். வெள்வேலம் நிழலும், கோடையில் நெற்றுத் தீனியும் தரும். காடுகளை மாற்றி மாற்றி மேய்த்தால் புல் மீண்டும் தழைக்கும். நல்ல காளையிருந்தும் மேய்ச்சலில்லையேல் கன்று தேறாது.

இன்றைய நிலையும் நம் கடமையும்

டிராக்டரும் மின்மோட்டாரும் வந்தபின் எருதுகளின் தேவை சுருங்கியது. பால் வருவாயை நாடிக் கலப்பினப் பசுக்கள் பெருகின. காங்கேயம் பசு குறைவாகவே கறக்கும். ஆயினும் வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கி, எளிய தீனியில் வாழும். ஒருமுறை இவ்வினம் அழியுமாயின் எந்தத் திட்டத்தாலும் அதை மீண்டும் உண்டாக்க இயலாது. ஒரு குடும்பம் தன் நிலத்தில் செய்ததை, கிராமத்தார் ஒன்றுகூடிச் செய்யக்கூடாதா?

ஆகவே, பஞ்சாயத்து உறுப்பினர்கள் மூன்று காரியங்களை மேற்கொள்ளலாம். முதலாவது, மேய்ச்சல் புறம்போக்கு ஆக்கிரமிக்கப்படாமல் காத்து, புல்லும் மரமும் வளர்த்தல். இரண்டாவது, தக்க பொலிகாளை ஒன்றை ஊர்ப்பொதுவில் பராமரித்தல். இயலாவிடில், கால்நடை மருந்தகத்தில் காங்கேயம் உறைவிந்து கேட்டுப் பெறுதல். மூன்றாவது, எந்தப் பசு எந்தக் காளையுடன் என்று சேர்ந்தது, என்ன கன்று ஈன்றது எனப் பதிவேடு வைத்தல். பதிவேட்டுக்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகமே. அது இல்லாத ஊரில் தேர்வு என்பது வெறும் ஊகமாகிவிடும்.