விரியவிடாத முல்லை

திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துக்கு வெளியே மாலையில் கூடையோடு உட்காரும் பூக்கார அம்மாவிடம் முல்லை எப்போதும் மொட்டாகத்தான் இருக்கும். பங்குனி பிறந்து பூ வரத்து கூடியிருந்த ஒரு நாள், "விரிஞ்ச பூ இருக்காம்மா?" என்று கேட்டேன். "விரிஞ்சிட்டா யாருப்பா வாங்குவாங்க?" என்று சிரித்தபடி முழம் போட்டுக் கொடுத்தார். கோயம்பேட்டிலிருந்து வந்த சரக்கு அது. முல்லையைப் பெயரிலேயே சுமக்கும் ஊர், தலைக்கு வைக்கும் முல்லையை வெளியிலிருந்து வாங்குகிறது.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரின் மாசிலாமணீஸ்வரர் கோயில், சுந்தரர் பாடிய தலம். தலமரம் முல்லைக்கொடி. குறும்பரோடு போருக்குப் போன தொண்டைமானின் யானை முல்லைப் புதரில் கால் சிக்கி நின்றதாம். மன்னன் வாளால் கொடியை வெட்ட, ரத்தம் பீறிட்டதாம். உள்ளே சிவலிங்கம் இருந்ததாம். அந்த லிங்கத்துக்கு ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு. சித்திரை சதயத்தில்தான் களைவார்கள். சன்னதி முன் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் நிற்கின்றன. நான் இந்தக் கதையைத் தாவரக் குறிப்பாகவும் படிக்கிறேன். யானையை நிறுத்தும் அளவுக்குப் பின்னிக் கிடந்த கொடி, தூணாகும் அளவுக்குப் பருத்த எருக்கு, ஆடு மேய்த்த குறும்பர்: இலக்கணம் முல்லை நிலம் என்று சொல்லும் புதர்க்காடு இங்கே இருந்திருக்கிறது. பக்கத்து ஊர்களின் பெயர்களும் அதற்குச் சாட்சி. திருவேற்காட்டில் வெள்வேல், அத்திப்பட்டில் அத்தி, மாங்காட்டில் மா, ஆவடியைத் தாண்டினால் வேப்பம்பட்டு. பூவைப் பெயரில் கொண்ட பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி நந்தவனம் வைத்து, காஞ்சி வரதருக்குப் பூ சுமந்து போனவர்.

நாம் முல்லை என்று வளர்க்கும் கொடிக்கு அறிவியலில் ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம் என்று பெயர். ஆரிகுலா என்றால் லத்தீனில் சின்னக் காது. இலையைப் புரட்டிப் பாருங்கள். பெரிய சிற்றிலையின் அடியில் இரண்டு பக்கமும் குட்டிக் காதுகள்போல இரண்டு துளி இலைகள் ஒட்டியிருக்கும். ஆலிவ் மரம் இதற்குச் சொந்தம், பவளமல்லியும் சொந்தம்.

முல்லை ஏன் அந்தியில் விரிகிறது? நம் கூந்தலுக்காக இல்லை. பூவின் அடியில் நீண்ட மெல்லிய குழல். தேன் அதன் ஆழத்தில். பகலில் வரும் தேனீயின் நாக்கு அவ்வளவு நீளாது. இருட்டியதும் அந்தரத்தில் சிறகடித்தபடி நின்று, சுருட்டி வைத்த உறிஞ்சுகுழலை நீட்டிக் குடிக்கும் பெரிய அந்துப்பூச்சிகளுக்கான விருந்து அது. இருளில் வழி காட்ட வெள்ளை நிறம், தூரத்திலிருந்து அழைக்க வாசனை.

அந்த விருந்தைத்தான் நாம் தடுத்துவிட்டோம். மொட்டைப் பறித்துவிடுகிறோம், பூச்சி வருவதற்குள் அது சரமாகிப் போகிறது. மகரந்தம் மாறவில்லை, விதையில்லை. கறுத்த பழத்தைத் தின்று எச்சமிட்டு விதை பரப்பும் கொண்டைக்குருவிக்கும் வேலையில்லை. புதுக்கொடி வேண்டுமென்றால் கிளையை ஒடித்து நடுகிறோம், பதியன் போடுகிறோம். வயல் நிறைய நிற்பது ஒரே தாய்க்கொடியின் நகல்கள்தான்.

நகல்கள் மட்டும் சேர்ந்து நின்றால் பூச்சி வந்தாலும் பல நேரம் பயனில்லை. இந்தக் குலத்தின் பல இனங்களில் பூ இரண்டு வடிவம்: சில செடிகளில் சூல்தண்டு நீண்டு மகரந்தத்தாள் உள்ளே தாழ்ந்திருக்கும், சிலவற்றில் நேர்மாறாக இருக்கும். ஒரு வடிவத்தின் மகரந்தம் மற்றதற்குப் போனால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். இங்கிலாந்தில் வசந்தத்தில் காட்டோரம் பூக்கும் பிரிம்ரோஸில் இந்த ஏற்பாட்டை ஆராய்ந்து சார்லஸ் டார்வின் 1862ல் கட்டுரை எழுதினார். வேற்றுச் செடியோடு கலக்கச் செய்யும் தந்திரம் இது என்றார். காட்டில் கலந்து முளைக்கும் கொடிகளுக்குள்தான் நாளைய நோயையும் வறட்சியையும் தாங்கும் குணங்கள் இருக்கின்றன. பாரி தேர் கொடுத்த கதையை நினைவூட்டும் 'பாரிமுல்லை' ரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்திருக்கிறது. அப்படி ரகம் தேர்ந்தெடுக்க முதலில் வேறுபாடு இருந்தாக வேண்டும்.

சங்கப் புலவர்கள் முல்லையைக் கார்காலப் பூ என்றார்கள். நமக்கோ பங்குனியிலேயே கூடை நிறைகிறது. முரண் ஒன்றுமில்லை. முல்லை புதுத்தளிரில் பூப்பது. தை மாதத்தில் கவாத்து செய்தால் தளிர்விட்டு, பங்குனி முதல் பூக்கத் தொடங்கும். காட்டில் அந்தத் தளிரை மழை தந்தது. ஆடு கடித்ததும் ஒரு கவாத்துதான் என்று எனக்குத் தோன்றும்.

மருந்து விஷயத்தில் முல்லையைவிட அதே குலத்துக் குண்டுமல்லிக்குத்தான் நல்ல சான்று உண்டு. பால் கட்டிக்கொண்ட தாய்க்கு மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவது பாட்டிகளின் வழக்கம். வேலூர் மருத்துவர்கள் அதைப் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988ல் முடிவை வெளியிட்டார்கள். பால் வற்றுவதில் பூவும் மாத்திரைக்கு ஈடாக நின்றது. மல்லிகையிடம் உலகம் கற்ற பெரிய பாடம் வேறொன்று. 1962ல் பிச்சிப்பூ எண்ணெயிலிருந்து மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற மணப்பொருளைப் பிரித்தார்கள். 1990ல் ஃபார்மர், ரயன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். இதே பொருளை வெளிவிடும் ஒரு காட்டுப் புதரின் பக்கத்தில் வைத்த தக்காளிச் செடி, புழுக்களின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களைச் சுரந்தது. செடிகள் காற்றுவழி ஆபத்தை உணர்வதற்கான வலுவான சான்று அது. மல்லிகையின் பெயரைத் தாங்கிய ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோன், இன்று தாவரத் தற்காப்புப் பாடத்தின் மையம்.

எங்கள் பக்கத்துப் புதர்க்காட்டுக்கு வருவோம். ஆவடியில் 1961ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, 1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. லட்சக்கணக்கான குடும்பங்கள் அதனால் பிழைத்தன. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பின்னால் வந்த வீட்டு மனைகள், மிஞ்சிய புதரையும் 'வெறும் நிலம்' என்று சொல்லி வழித்துவிட்டன. சென்னையில் இந்த உலர் பசுமைமாறாப் புதர்க்காட்டின் மிச்சத்தைப் பார்க்க, 1978ல் தேசியப் பூங்காவான கிண்டிக்கோ நன்மங்கலத்துக்கோ போக வேண்டும். மேற்குப் புறநகரில் ஏரிக்கரைகளும் கோயில் நந்தவனங்களும் ராணுவ வேலிக்குள் கிடக்கும் புதர்களும்தான் இனி நம்பிக்கை. அங்கே 'சுத்தம் செய்கிறோம்' என்று பொக்லைன் இறங்குவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். அடுத்துக் காப்பாற்ற வேண்டியது, நந்தியாவட்டையைத் தின்னும் பச்சைப் புழு. நீலக் கண்போல இரண்டு பொட்டோடு பயமுறுத்தும் அதை எல்லோரும் நசுக்குகிறார்கள். முல்லைக்கு இரவில் வரக்கூடிய அந்துப்பூச்சியின் குழந்தை அது.

எங்கள் மாடியில் ஒரு கொடி இருக்கிறது. இந்தப் பங்குனியிலிருந்து அதில் ஒரு கிளையைப் பறிக்காமல் விட்டிருக்கிறேன். நான்காம் நாள் இரவு, மாடி விளக்கை அணைத்து உட்கார்ந்திருந்தபோது ஒன்று வந்தது. பூவுக்குப் பூ நகர்ந்து குடித்துவிட்டுப் போனது. காய் பிடிக்கவில்லை. என் கொடியின் பூக்களில் சூல்தண்டு நீளம். குட்டையான சூல்தண்டுள்ள கொடி எந்த வீட்டில் இருக்கிறதென்று தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.