சுவரில் ஒரு ராஜ பரம்பரை

எகிப்து தேசத்தின் அபிதோஸ் க்ஷேத்திரத்திலே, கி.மு. 13ஆம் நூற்றாண்டில் முதலாம் சேத்தி என்னும் மன்னன் எழுப்பிய ஆலயச் சுவரொன்றில், 76 அரசர்களின் நாமங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்க, அவற்றின் எதிரே மன்னனும், கையில் பாப்பிரஸ் சுருளை விரித்து வாசிக்கும் இளவரசன் ராம்சேசும் நிற்கின்றனர்.

இந்நாமங்களைப் பொறித்த சித்திர எழுத்துகளை எப்பக்கமிருந்து வாசிப்பது என்று மயங்க வேண்டுவதில்லை. அவற்றிலுள்ள மனிதரும் பட்சிகளும் சர்ப்பங்களும் எத்திசையை நோக்குகின்றனவோ, அத்திசையே வரியின் ஆரம்பமாகும். நீள்வட்டக் கயிற்று வளையத்துக்குள் அமைந்தவையோ அரச நாமங்கள்.

சேத்தியின் பட்டப் பெயரைச் சற்று உற்று நோக்குவோம். மேலே சூரிய வட்டம். அதனடியில், சிரசில் இறகு சூடி அமர்ந்திருக்கும் சத்திய தேவதை மாஅத். அதற்கும் கீழே, காய்கள் நிறுத்திய ஆட்டப் பலகை. எழுத்து இவ்வாறு சூரியனில் தொடங்கினாலும், உச்சரிப்போ பலகையில் தொடங்கி 'மென்-மாஅத்-ரே' என்று சூரியனில் முடிகிறது. தெய்வத்தின் பெயரைப் பிந்தி எழுதுதல் அபசாரம் என்பது அந்நாட்டு லேககர்களின் சம்பிரதாயம் போலும்!

ஆனால் ஹட்செப்சுட் என்ற பெண்ணரசியையும், அகெனாட்டன், துத்தன்காமன் என்னும் மன்னர்களையும் சுவரிலுள்ள இவ்வரசர் வரிசையில் தேடினால் காணக் கிடையார். சுவரில் இடமில்லை என்று சொல்வதற்கில்லை; கீழ்வரிசை முழுவதிலும் சேத்தி தன் பெயரையே திரும்பத் திரும்பப் பொறித்து வைத்திருக்கிறான்.