வரைபடத்துக்கு யார் பொறுப்பு?

ஓர் அரசு பாலமோ மருத்துவமனையோ அணையோ கட்ட முற்படும்போது, அதைக் கட்டித்தரும் ஒப்பந்ததாரரைத் தேடுவதற்கு வெகுமுன்பே, அது எந்தச் சுமையைத் தாங்க வேண்டும், எந்தப் பொருளால் ஆக வேண்டும், எவ்வளவு செலவுக்குள் முடிய வேண்டும் என்பதைக் கணக்கிட்டு வரைந்து தரும் பொறியாளருடன் தனியாக ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறது. செய்தித்தாளில் அடிபடுவது பெரும்பாலும் கட்டுமான ஒப்பந்தமே; அதற்கு முந்திய வடிவமைப்பு ஒப்பந்தத்தை வெளியுலகம் அறிவதே அரிது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு இந்த ஒப்பந்தத்தின் கடமைகளை எழுத்தில் வகுத்து வைத்திருப்பதோடு, அந்நாட்டு நீதிமன்றங்களும் நூறாண்டுக்கு மேலாக அவற்றைச் சோதித்துப் பார்த்துவிட்டதால், பொறியாளரின் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே நின்றுவிடுகிறது என்பதை அங்கே ஓரளவு தெளிவாகக் காண முடிகிறது.

குறைந்த கட்டணம் கேட்டவர் என்பதற்காக அங்கே ஒரு பொறியாளர் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. டெக்சாஸைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜாக் புரூக்ஸின் பெயரால் வழங்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசுத் துறை முதலில் தகுதியையும் அனுபவத்தையும் மட்டுமே பார்த்து, குறைந்தது 3 நிறுவனங்களுடன் பேசி, அவற்றை வரிசைப்படுத்தி, முதலிடத்தில் நிற்பவருடன் மட்டும் கட்டணம் பேசுகிறது. பேச்சு படியாவிட்டால் அதை முறைப்படி முடித்துவிட்டு அடுத்தவரிடம் செல்கிறது. டெண்டர் என்றாலே குறைந்த தொகைக்கே வேலை என்று பழகிய வாசகருக்கு இது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால், வரைவதில் மிச்சம்பிடித்த தொகை கட்டும்போது பன்மடங்கு செலவாகத் திரும்பும் என்பதே இச்சட்டத்தின் கணக்கு. அதே சமயம், வரைபடங்களையும் விவரக்குறிப்புகளையும் தயாரிப்பதற்கான கட்டணம் கட்டுமான மதிப்பீட்டில் 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற உச்சவரம்பும் அந்நாட்டில் பல பத்தாண்டுகளாக நிலவிவந்திருக்கிறது. அந்த வரம்பின்படி, 1 கோடி டாலர் கட்டடத்துக்கு வரைபடக் கட்டணம் அதிகபட்சம் 6 லட்சம் டாலர். பிழை நேர்ந்தால் எழும் இழப்புக்கோ அப்படியொரு வரம்பு கிடையாது.

தேர்வு முடிந்தபின் பொறியாளர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில், 1984இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிக் கொள்முதல் ஒழுங்குமுறை வகுத்துத் தந்த ஒரு பிரிவு இடம்பெறுகிறது. அதன்படி, தாம் தரும் வரைபடங்கள், விவரக்குறிப்புகள் ஆகியவற்றின் தொழில்முறைத் தரத்துக்கும் தொழில்நுட்பத் துல்லியத்துக்கும் ஒருங்கிணைப்புக்கும் அவரே பொறுப்பு. முதலிரண்டும் எளிதில் விளங்குபவை. மூன்றாவதில்தான் நடைமுறைத் தொல்லைகள் மிகுதி: கட்டமைப்புப் பொறியாளர் உத்தரம் வைத்த அதே இடத்தின் வழியாகக் குளிர்சாதனக் காற்றுக்குழாய் போவதாக இயந்திரப் பொறியாளர் வரைந்திருந்தால், தனித்தனியே பார்க்கையில் இரண்டு தாள்களும் சரியாகவே இருக்கும், ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கும்போதுதான் தவறு தெரியும். அப்படி வெளிப்படும் பிழைகளையும் குறைகளையும் கூடுதல் கட்டணமின்றித் திருத்தித் தர வேண்டும் என்றும், கவனக்குறைவால் அரசுக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்றும், பல நிறுவனங்கள் சேர்ந்து ஒப்பந்தம் எடுத்திருந்தால் முழு இழப்புக்கும் ஒவ்வொன்றும் பொறுப்பு என்றும் அப்பிரிவு தொடர்கிறது. வடிவமைப்பை அத்துறையில் உரிமம் பெற்ற பொறியாளரே செய்யவோ சரிபார்த்து ஒப்பவோ வேண்டும் என்பதையும், பேச்சுவார்த்தையின்போது பெயர் சொல்லப்பட்ட துணை ஆலோசகர்களை ஒப்பந்த அலுவலரின் எழுத்து ஒப்புதலின்றி மாற்றக்கூடாது என்பதையும் வேறு பிரிவுகள் சொல்கின்றன.

இவற்றுள் மிகவும் கனமான சொற்றொடர், அரசின் ஒப்புதலைப் பற்றியது. அரசு வரைபடத்தைப் பரிசீலித்ததோ, ஏற்றுக்கொண்டதோ, அதற்குப் பணம் கொடுத்ததோ அரசின் உரிமைகளை விட்டுக்கொடுத்ததாகப் பொருள்படாது என்கிறது அது. துறை அலுவலர் முத்திரை குத்திய தாளில் பிழை இருந்தால் முத்திரை குத்தியவரும் பங்காளிதானே என்ற கேள்வி இயல்பாகவே எழும். ஆயினும், பரிசீலிக்கும் அலுவலர் பொறியாளரின் கணக்குகளை முதலிலிருந்து போட்டுப் பார்ப்பதில்லை. தேவை நிறைவேறியிருக்கிறதா, விதிகள் பின்பற்றப்பட்டிருக்கின்றனவா என்று மேலோட்டமாகவே பார்க்கிறார்.

அந்த மேலோட்டப் பார்வையின் விலை என்ன என்பதை, மாநில அரசு ஒன்றின் நெடுஞ்சாலைப் பாலம் காட்டியது. மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின்மீது 1967இல் திறக்கப்பட்ட ஐ-35 டபிள்யூ பாலம், 2007 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாலை நெரிசல் நேரத்தில் இடிந்து விழுந்ததில் 13 பேர் இறந்தனர், 145 பேர் காயமடைந்தனர். பலரும் முதலில் ஐயுற்றது துருவையும் உலோகச் சோர்வையும். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2008இல் வெளியிட்ட முடிவோ, நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய வரைபடத்தைச் சுட்டியது. எஃகுச் சட்டகப் பாலத்தில் பல உறுப்புகள் சந்திக்கும் கணுவில் அவற்றைப் பிணைத்து வைப்பவை இணைப்புத் தகடுகள். இப்பாலத்தின் சில கணுக்களில் அவை அரை அங்குலத் தடிப்பிலேயே இருந்தன, தேவைப்பட்டதோ ஏறத்தாழ இருமடங்கு. வடிவமைத்த ஸ்வெர்ட்ரப் அண்ட் பார்சல் நிறுவனத்தின் ஆவணங்களில் சட்டகத்தின் முதன்மை உறுப்புகளுக்கான கணக்குகள் இருந்தன; அந்தத் தகடுகளுக்கான கணக்கு கிடைக்கவில்லை. பின்னாளில் பாலத்தின் தாங்குதிறனை மதிப்பிட்டவர்களும் உறுப்புகளையே கணக்கில் எடுத்தார்கள், தகடுகளை எடுக்கவில்லை. இடையில் செய்த மாற்றங்களால் பாலத்தின் எடை கூடியிருந்தது. விழுந்த அன்று, பழுதுபார்க்கும் பணிக்கான மணலும் சரளையும் இயந்திரங்களும் தளத்தின் ஒரு பகுதியில் குவித்து வைக்கப்பட்டிருந்தன.

வாரியம் மூல காரணமாக வடிவமைப்புப் பிழையையும், அதற்குத் துணைநின்ற காரணங்களாக அந்த நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுத் தவறலையும், கூட்டாட்சி, மாநில அலுவலர்களின் போதாத பரிசீலனையையும் குறிப்பிட்டது. அலுவலர்கள் கண்டுபிடித்திருக்க வேண்டியதுதான். கண்டுபிடிக்காததால் பிழை அவர்களுடையதாகிவிடவில்லை.

இதன் மறுபக்கம், அரசு அந்த வரைபடத்தைக் கட்டுமான ஒப்பந்ததாரரிடம் கொடுக்கும்போது தொடங்குகிறது. நியூயார்க்கின் புரூக்ளின் கடற்படைத் தளத்தில் கப்பல்களைப் பழுதுபார்க்கும் உலர்துறை ஒன்றைக் கட்ட 1905இல் ஸ்பியரின் என்ற ஒப்பந்ததாரர் 7,57,800 டாலருக்கு ஒப்புக்கொண்டார். அந்த இடத்தின் குறுக்கே 6 அடிச் செங்கல் சாக்கடை ஒன்று ஓடியதால், அதை எந்த வழியாக, எந்த அளவில், எந்தப் பொருளால் மாற்றியமைக்க வேண்டும் என்று அரசே வரைந்து கொடுத்தது; அவரும் அவ்வாறே செய்தார். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, பெருமழையும் கடலின் ஏற்றமும் ஒன்றாக வந்த நாளில், சாக்கடை நீர் பின்னோக்கித் தள்ளப்பட்டுக் குழாய் பல இடங்களில் உடைந்து, தோண்டி வைத்திருந்த குழி முழுதும் வெள்ளமாயிற்று. அதனோடு இணைந்த 7 அடிச் சாக்கடைக்குள் ஒரு தடுப்பணை இருந்ததும், அதுவே நீரை இப்பக்கம் திருப்பியதும் பிறகே தெரியவந்தன; நகராட்சியின் வரைபடத்திலும் அது இல்லை, அரசு கொடுத்த வரைபடத்திலும் இல்லை. பொறுப்பை அரசு ஏற்கும்வரை வேலையைத் தொடர முடியாது என்று ஸ்பியரின் நிறுத்திவிட, கடற்படை ஒப்பந்தத்தை ரத்து செய்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றபோது, 1918இல் நீதிபதி பிராண்டைஸ் எழுதிய தீர்ப்பு ஒப்பந்ததாரரின் பக்கம் நின்றது. அரசு கொடுத்த வரைபடத்தின்படி கட்டியவர் அந்த வரைபடத்தின் குறைக்குப் பொறுப்பல்லர். இடத்தைப் பார்வையிட்டு வரைபடத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதாலும் அது மாறாது. அவருக்கு 1,41,000 டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகை கிடைத்தது.

ஆக, தன் வரைபடம் சரியானது என்று ஒப்பந்ததாரருக்கு அரசு, வாய்விட்டுச் சொல்லாமலே, உத்தரவாதம் கொடுக்கிறது. அதே உத்தரவாதத்தைப் பொறியாளரிடமிருந்து அரசு பெறுகிறதா என்றால், இல்லை. மின்னசோட்டாவின் மவுண்ட்ஸ் வியூ என்னும் சிற்றூர் நிர்வாகம், தன் அலுவலகக் கட்டட விரிவாக்கத்தில் நீர் கசிந்ததற்காக வடிவமைப்பாளர்மீது தொடுத்த வழக்கில், அம்மாநில உச்சநீதிமன்றம் 1978இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. மருத்துவர், வழக்கறிஞர் போலப் பொறியாளரும் தம் தொழிலில் உள்ளவர்களுக்கு இயல்பாக உள்ள திறமையையும் கவனத்தையும் செலுத்தவே கடமைப்பட்டவர். குறையற்ற விளைவுக்கு உறுதியளிப்பவர் அல்லர். தவறு இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது; அதே சூழலில் கவனமுள்ள வேறொரு பொறியாளர் அத்தவறைச் செய்திருக்கமாட்டார் என்பதையும் பெரும்பாலும் துறை வல்லுநரின் சாட்சியத்தால் நிறுவ வேண்டும்.

இரண்டு அளவுகோல்களுக்கும் நடுவில் விழும் செலவு பொதுப்பணத்தையே சேர்கிறது. இது அநியாயம் என்று கருதும் துறைகள் சில சமயம் பொறியாளரிடம் முழு உத்தரவாதம் எழுதி வாங்க முயல்கின்றன. அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தாலும் அரசுக்கே எதிராகத் திரும்பக்கூடியது. ஏனெனில், பொறியாளர்களின் தொழிற்பொறுப்புக் காப்பீடு பொதுவாகக் கவனக்குறைவால் வரும் இழப்பையே ஏற்கும், அவராக முன்வந்து கொடுத்த உத்தரவாதத்தை ஏற்காது. காப்பீடு கைவிட்ட நிலையில் சிறிய நிறுவனத்திடம் வசூலிக்க ஒன்றும் இருக்காது.

உத்தரவாதத்தைவிடப் பயனுள்ளது, அதிகம் பேசப்படாத இன்னொரு விதி. வடிவமைப்புப் பிழையால் கட்டுமான ஒப்பந்தத்தை மாற்ற நேரும்போதெல்லாம், பொறியாளர் எந்த அளவுக்குப் பொறுப்பாவார் என்பதை ஒப்பந்த அலுவலர் ஆராய வேண்டும். வசூலாகும் தொகை அதற்கான நிர்வாகச் செலவைவிட மிகுமானால் கேட்டு வசூலிக்க வேண்டும். வசூலிப்பதில்லை என்று முடிவு செய்தால் அதற்கான காரணத்தை எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். தணிக்கையாளர் கையில் கிடைக்கும்போது அந்த ஒரு தாள் பல கூட்டங்களுக்குச் சமம். தொகையைக் கணக்கிடுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வரைபடத்தில் தீத்தடுப்புக் கதவு ஒன்று விடுபட்டுப்போயிருந்தால், கதவின் முழு விலையையும் பொறியாளரிடம் கேட்பது பொதுவாக முறையாகாது, ஏனென்றால் முதலிலேயே வரைந்திருந்தாலும் அரசு அந்த விலையைக் கொடுத்திருக்கும். எழுப்பிய சுவரை இடித்ததற்கும் தாமதத்துக்கும் ஆன கூடுதல் செலவே அவர் தலையில் விழும்.

பணத்தைக் குறித்து இன்னொரு கடமையும் உண்டு. அரசு நிர்ணயித்த தொகைக்குள் கட்டி முடிக்கக்கூடியதாக வடிவமைப்பு இருக்க வேண்டும். வந்த டெண்டர்கள் அத்தொகையைத் தாண்டினால், பொறியாளர் கூடுதல் கட்டணமின்றி மறுபடி வடிவமைத்துத் தர வேண்டும். எஃகு விலை திடீரென ஏறுவது போன்ற, அவர் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களுக்கு இது பொருந்தாது. செலவு எல்லை மீறும் என்று தெரிந்தவுடனே அதை அலுவலரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதே இதில் முக்கியமானது. அரசு பணியின் அளவைக் குறைக்கலாம், பொருளை மாற்றலாம், அல்லது தன் மதிப்பீட்டை உயர்த்திக்கொள்ளலாம். மௌனமாக வரைந்து முடித்துவிட்டு டெண்டர் திறக்கும் நாளில் கைவிரிப்பவருக்கு இந்தப் பிரிவில் புகலிடம் இல்லை.

இப்பொறுப்பு எத்தனை ஆண்டுகள் உயிரோடிருக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கட்டடம் முடிந்து குறிப்பிட்ட ஆண்டுகள் கடந்தபின் வடிவமைப்பாளர்மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. மினியாபொலிஸ் பாலத்தின் விஷயத்தில் அந்தக் கெடு விபத்துக்கு வெகுமுன்பே முடிந்திருந்தது. வடிவமைத்த நிறுவனமும் 1999இல் ஜேக்கப்ஸ் என்ற பெரிய பொறியியல் நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. மின்னசோட்டா அரசு 2008இல் தனிச்சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 3.7 கோடி டாலர் வழங்கிவிட்டு, அத்தொகையை ஈடுசெய்யுமாறு ஜேக்கப்ஸிடம் கேட்டது. கெடு முடிந்துவிட்டது என்ற அந்நிறுவனத்தின் வாதத்தை மாநில உச்சநீதிமன்றம் 2011இல் ஏற்கவில்லை. புதிய சட்டம் பழைய உரிமையை மீண்டும் உயிர்ப்பித்துவிட்டது என்றது. மறு ஆண்டு ஜேக்கப்ஸ் 89 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.