பாரதம் நடக்கும் ஊரில் ஒரு நாள்

விடுமுறை வந்ததும் நகரத்து மாணவர்க்குச் சினிமாவும் கடற்கரையும் நினைவுக்கு வருதல் இயல்பே. அவற்றைக் குறை கூறுதல் ஈண்டு நோக்கமன்று. ஆயினும், ஓர் ஊரார் தாமே கூடிச் செய்து, தாமே கண்டு மகிழும் கலை எத்தகையது என்பதை ஒரு நாளேனும் அறிய விழைவோர், வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் விழாக் காணும் ஊர் ஒன்றிற்குச் செல்வாராக. அவ்விழாவை மக்கள் ‘பாரதம்’ என்றே வழங்குவர். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் முதலிய மாவட்டங்களில், அறுவடை ஓய்ந்த பங்குனி தொடங்கி ஆடி ஈறாக இது நடைபெறும். நம் கோடை விடுமுறையும் அக்காலத்தே வருதல் நல்வாய்ப்பு.

கொடி ஏறியபின், பகற்பொழுதில் பாரதப் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடிப் பொருள் விரிப்பார். பகலிற் செவியாற் கேட்ட கதையை இரவிற் கூத்தர் ஆடிக் காட்டுவர். திரௌபதி கல்யாணம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு வதம், கர்ண மோட்சம் எனக் கதை இரவுதோறும் வளர்ந்து, பதினெட்டாம் போரில் முடியும். ஒரே நாள் செலவிட இயன்றவர் அக்கடைசி இரவையும் அதனை அடுத்த காலையையும் தேர்ந்துகொள்க.

இக்கலை தொடங்கும் இடம் மேடையன்று; வரிப்புத்தகம். விழாவுக்குப் பல திங்கள் முன்னரே ஊர்ப் பெரியோர் கூடித் தலைக்கட்டு வரி விதிப்பர். மணமாகித் தனிக்குடித்தனம் நடத்தும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. வரி செலுத்திய வீடு விழாவிற் பங்குடைய வீடு. பிழைப்பு நாடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றவரும் அவ்வரியை அனுப்பத் தவறுவதில்லை. தவறினால் ஊரோடு தம்மைப் பிணித்த கயிறு அறுந்துவிடும் என்று அஞ்சுவர். பணத்தோடு அமையாது, தீக்குழிக்கு விறகும், கூத்தர்க்குச் சோறும், பந்தலுக்கு ஆள் உழைப்பும் ஊரிலிருந்தே வரவேண்டும்.

கதையுமே ஊராரைச் சும்மா அமர்ந்திருக்க விடுவதில்லை. பகாசுரன் வதத்தன்று பீமன் வேடத்தான் வண்டியேறித் தெருத்தெருவாக வருவான். அசுரனுக்கென வீடுதோறும் சோறும் பண்டமும் கொண்டுவந்து வண்டியில் இடுவர். ஏகசக்கரபுரத்தில் முறைவைத்து அசுரனுக்கு உணவனுப்பிய குடும்பங்களின் கதை, இவ்வாறு அடுப்படி வரையில் வந்துவிடுகிறது. அர்ச்சுனன் தபசுக்கு நெடிய பனைமரமொன்றை நட்டு, அதிற் படிகள் அடித்திருப்பர். அர்ச்சுனன் பாடிக்கொண்டே படிப்படியாக உச்சிக்கு ஏறி, அங்கிருந்து எலுமிச்சங்கனியும் வில்வமும் திருநீறும் எறிவான். மகப்பேறு வேண்டும் மகளிர் கீழே மடியேந்தி நிற்பர். அவர்களைப் பார்வையாளர் என்பதா, நடிகர் என்பதா?

இனிக் கூத்தைப் பற்றிச் சில சொற்கள். ஆடும் இடத்திற்குக் களரி என்று பெயர். மத்தளம், தாளம், முகவீணை, பிற்காலத்தில் வந்து சேர்ந்த ஹார்மோனியம் ஆகியவற்றோடு பின்பாட்டுக்காரர் ஒருபுறம் இருப்பர். முதலில் தோன்றுபவன் கட்டியங்காரன். அவன் அரசனுக்குக் காவலன், கதை சொல்லி, நகைச்சுவை செய்பவன். அரசவையில் நின்றபடியே விலைவாசியையும் ஊர்த் தலைவரின் குறையையும் அவன் எடுத்துச் சொல்லலாம், யாரும் சினவார். அடுத்து இருவர் ஒரு திரையைப் பிடிக்க, அதன் பின்னின்று வேடதாரி தன்னை அறிமுகம் செய்து பாடுவான். திரைக்கு மேல் கிரீடத்தின் உச்சி மட்டும் அசையும். கீழே சலங்கைக் கால்கள் தெரியும். திரை விலகுமுன் அவை அடையும் ஆவலை எழுத்தாற் காட்டுதல் எளிதன்று. கிரீடமும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்திற் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டியவை. இவற்றைக் ‘கட்டை’ என்பர். இலேசான மரம் ஆயினும், இரவெல்லாம் அவற்றைச் சுமந்து கிறுகிறுவெனச் சுழன்றாடுதல் இளைஞர்க்கும் அரிது. பெண் வேடமும் வழிவழியாக ஆடவரே புனைந்து வந்தனர்.

செய்யாறு வட்டத்துப் புரிசையைச் சேர்ந்த நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்டு உள்ளங் கவரப்பெற்ற எழுத்தாளர் ந. முத்துசாமி, 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். நவீன நாடகம் பயில்வோர் இக்களரியை ஆசிரியனாகக் கொண்டமை இதனால் விளங்கும். நம்போன்ற மிஷன் கல்லூரியினர்க்கு மற்றொன்றும் சொல்லவேண்டும். கூத்து புராணக் கதைக்கே உரியது என்று சிலர் எண்ணுகின்றனர். யாழ்ப்பாணத்தும் மன்னாரிலும் கத்தோலிக்க மக்கள் அர்ச்சியசிஷ்டவர் சரிதைகளை நாட்டுக்கூத்தாக்கி நெடுங்காலம் ஆடி வந்தமையை அவர் அறியார் போலும்.

பதினெட்டாம் போர் விடியுமளவும் நடக்கும். பொழுது புலர்ந்ததும் கூட்டம் களரியை விட்டுத் திடலுக்குப் பெயர்கிறது. அங்கே மண்ணாற் சமைத்த துரியோதனன் பூதாகாரமாக மல்லாந்து கிடப்பான். இதுவே படுகளம். இரவெல்லாம் ஆடிக் களைத்த பீமனும் துரியோதனனும் அவ்வுருவத்தைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் ஓடிப் பொருவர். முடிவிற் பீமன் மண்ணுருவின் தொடையை அடித்துப் பிளக்க, உள்ளே வைத்த செந்நீர் பெருகும். அப்போது திரௌபதி தன் விரிகூந்தலை முடிப்பாள். சில ஊர்களில் காந்தாரியின் ஒப்பாரியும் உண்டு. சற்று முன்னர் ‘அடி, அடி’ என்று கூவிய மக்களே அவ்வொப்பாரி கேட்டுக் கண் துடைப்பர். கொடியவனுக்கும் ஒரு தாய் உண்டு என்பதைப் பாடமாகச் சொல்லாமல் காட்டிவிடுகிறார்கள். மாலையில் தீமிதி.

இவ்வளவும் சொல்லி, ‘ஊரார்’ என்ற சொல்லை ஆராயாது விடுதல் நேர்மையாகாது. எந்தத் தெரு வரையில் வரி வாங்குகிறார்கள்? எந்தத் தெரு வரையில் அம்மன் உலா வருகிறாள்? விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதி என்னும் ஊரில், திரௌபதி அம்மன் கோயிலுட் சென்று தாழ்த்தப்பட்ட மக்கள் வழிபடுவது பற்றிப் பூசல் மூண்டமையால், 2023 ஜூன் மாதத்தில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற ஆணைப்படி பூசைக்கெனத் திறக்கப்பட்டது. அம்மக்கள் காவலர் பாதுகாப்புடன் உட்சென்று வழிபட்டது 2025 ஏப்ரலிலேதான். அவையில் மானபங்கம் செய்யப்பட்டவளையே தெய்வமாகக் கொண்ட கோயிலில் இது நேர்ந்தது. எல்லா ஊரும் இத்தகையதன்று. ஒன்றாக வரி செலுத்தி ஒன்றாகத் தீமிதிக்கும் ஊர்களும் உள. ஆதலின் செல்லும் ஊரில் கூத்தின் அழகோடு இதனையும் மாணவர் கேட்டறிதல் வேண்டும். நேரிற் கேட்டால் முகம் மாறும். வரிப்புத்தகம் எழுதுவாரோடு தேநீர்க் கடையில் அமர்ந்து பேசினால், கேளாமலே தெரியவரும்.

போகும் முறைக்கும் ஒரு சொல். மாலைக்குள் ஊரை அடைந்து பிரசங்கத்தின் கடைப்பகுதியைக் கேட்டால் இரவுக் கதை எளிதில் விளங்கும். கல்லூரிப் பிள்ளைகள் என்று நாற்காலி கொணர்வர். மறுத்துவிட்டுப் பாயில் அமர்க. அருகிருக்கும் பாட்டியார் அடுத்து வருவது இன்னதென்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவரினும் சிறந்த உரையாசிரியர் கிடையார். கைப்பேசி விளக்கை வேடதாரியின் முகத்தில் அடித்தல் ஆகாது. நூறு ரூபாய் அன்பளிப்புத் தந்தால் களரியில் உங்கள் பெயரை உரக்கச் சொல்வார்கள், நாணவேண்டா. நள்ளிரவுக்குமேல் உறக்கம் வரும். சிறுவரெல்லாம் ஆங்காங்கே உறங்கி, மத்தளம் உயரும்போது விழித்துப் பார்ப்பர். நீங்களும் அவ்வாறே செய்யலாம்.

படுகளம் முடிந்ததும் பெண்கள் துரியோதனன் உடலிலிருந்து பிடிமண் எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வர். நெற்குதிரில் இட்டால் விளைவு பெருகும் என்பது அவர் நம்பிக்கை. கூத்தரோ எண்ணெய் தடவி முகத்து வண்ணத்தைக் கழுவி, கட்டைகளைத் துணியிற் சுற்றிப் பெட்டியில் அடுக்குவர். அடுத்த ஊரில் அன்றிரவே அவர்க்கு ஆட்டம் இருக்கலாம். பெட்டி கனமானது, பஸ் நிற்குமிடம் வரை ஒரு கை பிடிக்க ஆள் வேண்டியிருக்கும்.