விளம்பரத்துக்கு 10,000 ரூபாய் போடுறதுக்கு முன்னாடி, 5 பேருக்கு டீ வாங்கிக் கொடுங்க!

சம்பளத்தோட கூட ஒரு சைடு வருமானம் வேணும்னு நிறைய பேர் சின்னதா ஒரு வெப்சைட் ஆரம்பிக்கிறாங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல விற்கிற சரக்குக்குப் பஞ்சமே இல்லை. மார்த்தாண்டம் தேன், நேந்திரங்காய் சிப்ஸ், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின மட்டிப்பழம்னு அடுக்கிக்கிட்டே போகலாம்.

வெப்சைட் ரெடியானதும் பலர் செய்யுற முதல் வேலை, விளம்பரத்துக்குப் பணம் கட்டுறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிளிக்குக்கு 10 ரூபாய்னு வெச்சுக்கிட்டா, 10,000 ரூபாய்க்கு 1,000 பேர் வருவாங்க. அதுல 10 பேர் வாங்கினா, ஒரு வாடிக்கையாளருக்கு ஆகுற செலவு 1,000 ரூபாய். ஒரு பாட்டில் தேன்ல அவ்வளவு லாபம் வருமா? அதே 1,000 பேர்ல 20 பேர் வாங்கினா செலவு 500 ஆகிடும். வாங்கணும்னு வந்துட்டு, வழி புரியாமத் திரும்பிப் போனவங்க எங்கே நின்னாங்கன்னு முதல்ல கண்டுபிடிக்கணும்.

ஒரு பட்டன், 30 கோடி டாலர்

அமெரிக்க வடிவமைப்பு ஆலோசகர் ஜாரெட் ஸ்பூல் சொன்ன பிரபலமான கதை இது. ஒரு பெரிய ஆன்லைன் கடையில பொருளைத் தேர்ந்தெடுத்த பிறகு, பணம் கட்டுறதுக்கு முன்னாடி 'பதிவு செய்' பட்டன் வந்து நிக்கும். வாங்க வந்தவங்களைப் பக்கத்துல உட்கார்ந்து கவனிச்சப்பதான், அது எவ்வளவு எரிச்சல்னு புரிஞ்சுது. பட்டனை 'தொடரவும்'னு மாத்தி, கணக்கு தொடங்குறது கட்டாயமில்லைன்னு எழுதினாங்க. வாங்குறவங்க எண்ணிக்கை 45 சதவீதம் கூடுச்சு. முதல் வருஷத்துல கூடுதல் விற்பனை 30 கோடி டாலர்!

ஏன் 5 பேர்?

குறைந்த செலவுல சோதிக்கிற முறையைப் பரப்பினவர் ஜேக்கப் நீல்சன். அவர் பார்த்த திட்டங்கள்ல, ஒருத்தரை வெச்சுச் சோதிச்சா சராசரியா 31 சதவீதக் குறைகள் தெரிஞ்சது. அடுத்தடுத்து வர்றவங்க பெரும்பாலும் அதே இடத்துலதான் தடுமாறுவாங்க. அந்தக் கணக்குப்படி 5 பேர்ல கிட்டத்தட்ட 85 சதவீதம் தெரிஞ்சிடும். இது சராசரிதான், உங்க வெப்சைட்டுக்குக் கூடக் குறைய இருக்கலாம். அதனால 15 பேரை ஒரே நாள்ல சோதிக்காம, 5 பேரைப் பார்த்துத் திருத்திட்டு அடுத்த 5 பேர்கிட்ட போங்க.

எப்படிச் செய்றது?

1. ஆளைத் தேர்ந்தெடுங்க. ஆபீஸ்ல பக்கத்து சீட்டு டெவலப்பர் வேண்டாம். உங்க பொருளை நிஜமாவே வாங்கக்கூடியவங்க வேணும். குலசேகரத்துல இருக்கிற அத்தை, நாகர்கோவில் ஜவுளிக்கடையில வேலை பார்க்கிற மைனி, வளைகுடாவுல இருக்கிற அண்ணன்னு பாருங்க. தூரத்துல இருக்கிறவங்களுக்கு கூகுள் மீட்ல ஸ்கிரீன் ஷேர் போதும்.

2. வேலை கொடுங்க, வழி சொல்லாதீங்க. "தேன் பக்கத்தைத் திறங்க"ன்னு சொன்னா பாதி விடையைச் சொன்ன மாதிரி. "சென்னையில இருக்கிற தங்கச்சிக்கு அரைக் கிலோ தேன் அனுப்பணும், டெலிவரியோட சேர்த்து எவ்வளவு ஆகும்?"னு கேளுங்க.

3. வாயை மூடிக்கிட்டு இருங்க. கஷ்டமான வேலை இதுதான். மனசுல ஓடுறதைச் சத்தமாச் சொல்லச் சொல்லுங்க. "எங்க அமுக்கணும் மக்கா?"ன்னு அத்தை கேட்டா, "நான் இல்லாட்டி என்ன செய்வீங்க?"ன்னு திருப்பிக் கேளுங்க. "சோதிக்கிறது வெப்சைட்டைத்தான், உங்களை இல்லை"ன்னு முதல்லயே சொல்லிடுங்க.

4. அவங்க போன்லயே பாருங்க. அனுமதி கேட்டு ஸ்கிரீன் ரெக்கார்டிங் போடுங்க. ஓடிபி, யுபிஐ பின் எதையும் பதிவு பண்ணாதீங்க. ரேஸர்பே மாதிரி பேமென்ட் சேவைகள்ல இருக்கிற டெஸ்ட் மோடுல வெச்சா, நிஜப் பணம் போகாது.

5. மூணு குறையை மட்டும் திருத்துங்க. எது பணம் கட்ட விடாமத் தடுக்குதோ அது முதல்ல. கலர், லோகோ எல்லாம் அப்புறம்.

மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி மாதிரி இலவசக் கருவிகள், ஆட்கள் எந்த இடத்துல விட்டுட்டுப் போறாங்கன்னு காட்டும். ஏன் போறாங்கன்னு தெரியணும்னா ஆள் பக்கத்துல உட்காரணும்.

மொத்தச் செலவு? அஞ்சு டீ, அஞ்சு பழம்பொரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். விளம்பரப் பணம் எங்கேயும் ஓடிப் போகாது. அடுத்த வாரம் போட்டுக்கலாம் மக்களே!