தட்டாமல் படியும் கான்கிரீட்

தூணின் சென்ட்ரிங் பலகையைப் பிரித்ததும் மேஸ்திரியின் கண் முதலில் போவது அடிப்பகுதிக்குத்தான். மழமழவென்று இருந்தால் நிம்மதி. ஜல்லி பல்லிளித்து, உள்ளிருந்து கம்பி எட்டிப் பார்த்தால், ஒரு சட்டி சிமென்ட் கலவை வரும், பூசி மறைத்துவிடுவார்கள். பூச்சு கண்ணுக்கு மட்டுமே. கான்கிரீட்டுக்குள் 5 சதவீதம் காற்றுப்பொந்து தங்கினாலே வலிமை ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். அந்தக் காற்றை விரட்டத்தான் வைப்ரேட்டர். பிடித்திருப்பவர் கை சலித்து, சற்று முன்னதாக உருவிவிட்டால் போச்சு.

ஜப்பானில் 1980-களில் இந்தக் கவலை பெரிதாயிற்று. கைதேர்ந்த தொழிலாளர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹஜிமே ஒகமுரா, யாரும் தட்டாமல் தன் எடையாலேயே மூலைமுடுக்கெல்லாம் நிறையும் கான்கிரீட் வேண்டும் என்று 1986-ல் சொன்னார். 1988-ல் அது கைகூடியது. கட்டுமானத் துறையில் இன்று அதற்கு எஸ்.சி.சி. (செல்ஃப் காம்பாக்டிங் கான்கிரீட்) என்று பெயர்.

தண்ணீரைக் கூட்டினால் ஓடாதா? ஓடும். ஜல்லி அடியில் தங்கி, நீர் மேலே மிதந்து, வலிமையும் போய்விடும். எனவே வேறு வழி. சிமென்ட் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும்போது கொஞ்சம் நீரை உள்ளே பூட்டிவைத்துக்கொள்கின்றன. பாலிகார்பாக்சிலேட் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால், அது துகள்மேல் ஒட்டி, கிளைபோல் நீண்டு, அவற்றை விலக்கி நிறுத்தும். பூட்டிய நீர் விடுபட, கலவை இளகும். கம்பிகளின் இடுக்கில் முட்டி நிற்காதபடி ஜல்லியைக் குறைப்பார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் போன்ற நுண்தூளைக் கூட்டினால், ஜல்லியைச் சுமந்து செல்லும் கொழகொழப்பு வந்துவிடும்.

சோதனை எளிது. 30 செ.மீ. உயரக் கூம்பில் கலவையை நிரப்பிக் கூம்பை மேலே தூக்குவார்கள். கலவை தோசைமாவு போலப் பரவி, 55 முதல் 85 செ.மீ. அகல வட்டமாக வேண்டும். அனுபவசாலி வட்டத்தின் விளிம்பைத்தான் பார்ப்பார். ஜல்லி அதுவரை வந்திருந்தால் நல்ல கலவை. ஜல்லி நடுவில் குவிந்து, தட்டில் வைத்த சட்னிபோல் ஓரத்தில் நீர் பிரிந்தால், அந்தக் கலவை ஆகாது.

ஜப்பானில் 1998-ல் திறந்த அகாஷி கைக்யோ தொங்குபாலத்தின் நடு இடைவெளி 1,991 மீட்டர். அதன் வடங்களை இழுத்துப் பிடிக்கும் பிரம்மாண்ட நங்கூர மேடைகளுக்கு எஸ்.சி.சி. கலவையைக் குழாய் வழியே 200 மீட்டர் தள்ளிப் பாய்ச்சினார்கள். இரண்டரை ஆண்டு வேலை இரண்டே ஆண்டில் முடிந்தது. இந்தியாவிலும் 2019-ல் வந்த கலவை விதிமுறையில் இதற்குத் தனி இடம் உண்டு.

செலவு கூடுதல்தான். நீர்போல் ஓடுவது நீர்போலவே பலகையையும் நெட்டித் தள்ளும். மூன்று மீட்டர் தூணை ஒரே மூச்சில் நிரப்பினால், அடியில் சதுர மீட்டருக்குச் சுமார் 7 டன் விசை விழும். சென்ட்ரிங் வலுவாக இல்லாவிட்டால் பிளந்துவிடும். இதைவிட நுட்பமான ஆபத்து மணலில் இருக்கிறது. முந்தைய நாள் மழையில் நனைந்த மணலின் ஈரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், லாரிக் கலவை முழுவதும் பிரிந்துபோகும். வைப்ரேட்டர் பிடித்த கைக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது. மணலின் ஈரம் பார்க்கும் கைக்கு வேலை கூடியிருக்கிறது.